வாட்ஸ்அப் ஆர்டர் கோர்ட்டில் நிற்குமா? ஹேஷ் எண் வேலை செய்யும் விதம்

மதுரை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் பண்ணுகிறவர்களுக்கு இப்போது ஆர்டர் புக் என்பதே பெரும்பாலும் போன்தான். "அண்ணாச்சி, துவரம்பருப்பு 45 மூட்டை, போன தடவை ரேட்டுக்கே போட்டு விடுங்க" என்று ஒரு மெசேஜ், கூடவே ஒரு வாய்ஸ் நோட், லோடு ஏறிவிடும். பணம் வராமல் இழுத்துக்கொண்டே போய் வழக்கின் மதிப்பு 3 லட்சத்தைத் தொட்டால் அது வணிக நீதிமன்றத்துக்குப் போகும் விவகாரம் (2015 சட்டத்தில் இந்த வரம்பு 1 கோடி, 2018இல் குறைத்தார்கள்). அங்கே எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி, "மெசேஜில் இருக்கும் மூட்டை எண்ணிக்கையை நீங்களே மாற்றவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?"

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். முதல் பகுதியை ஆவணத்தைத் தருகிறவரும் இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹேஷ் எண், அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரியான ஒரு எண், கேட்கப்படுகிறது.

சரி, அது எப்படி வருகிறது? கணினிக்குப் படமோ குரலோ எல்லாமே எண்களின் நீண்ட வரிசைதான். அவற்றை அப்படியே கூட்டி விடையை எழுதி வைத்தால் போதாதா என்றால், போதாது: 4+5 என்றாலும் 5+4 என்றாலும் 9 என்பதால் 45 மூட்டையும் 54 மூட்டையும் ஒன்றாகிவிடும். அதனால் ஷா256 என்ற முறை கோப்பை 512 பிட் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1) துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 64 சுற்று சுழற்றி, கூட்டி, கலக்கி, ஒரு துண்டின் விடையை அடுத்த துண்டின் கணக்குக்குள் இழுத்துவிடுகிறது. கடைசியில் நிற்பது 256 பிட், எழுதினால் 64 குறியீடுகள். ஒரு வரி மெசேஜுக்கும் இரண்டு மணி நேர வீடியோவுக்கும் அதே நீளம்தான். 45ஐ 46 ஆக்கினால் அந்த 256 பிட்டில் ஏறக்குறைய பாதி புரண்டுவிடும். விடையை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போய்க் கோப்பைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இங்கேதான் பல பேர் சறுக்குகிறார்கள். பில்லின் போட்டோவை வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வழியில் அது சுருக்கப்படுகிறது. கண்ணுக்கு அதே பில், ஹேஷ் வேறு. டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

சான்றிதழ் படிவத்தில் எம்டி5, ஷா1 என்ற பழைய முறைகளுக்கும் இடம் இருக்கிறது. அவற்றைத் தொடாதீர்கள். இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே ஹேஷ் வர வைக்கலாம் என்று எம்டி5க்கு 2004லும் ஷா1க்கு 2017லும் ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டிவிட்டார்கள். ஷா256க்கு இதுவரை அப்படி யாரும் காட்டவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹேஷ் எடுத்த நேரத்திலிருந்து கோப்பு மாறவில்லை என்பதைத்தான் அது காட்டும். மெசேஜை அனுப்பியது யார், அதில் இருப்பது உண்மையா என்பதற்கெல்லாம் வேறு சாட்சி வேண்டும். சாட்டை எக்ஸ்போர்ட் செய்தால் வருவது யாரும் திருத்தக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு, அதனால் மூலப் போனையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும், 2022இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. அதற்கு 3 மாதம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இன்னும் 2 மாதம். அந்த நாட்கள் வழக்குப் போடுவதற்கான காலவரம்புக் கணக்கில் சேராது என்பதால் வியாபாரிக்கு நஷ்டமில்லை, ஆனால் அதற்குள் போன் உடையலாம், எக்ஸ்சேஞ்சில் போகலாம். அப்புறம் வழக்குப் போடும்போது கையில் இருக்கும் ஆவணங்களை எல்லாம் அப்போதே தாக்கல் செய்ய வேண்டும், விட்டதைப் பின்னால் சேர்க்க நீதிமன்ற அனுமதி வேண்டும். எனவே சமரச மனு கொடுக்கும் முன்பே கோப்புகளைத் தனியாக நகலெடுத்து, ஹேஷ் எடுத்து, தேதியோடு வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.