டேப்பட்: ஒரு சொல்லும் அதன் சத்தமும்

புல்லட்டை ஸ்டார்ட் செய்து ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, மெக்கானிக் அண்ணன் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். அதன் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டு மூன்று இடங்களில் மாற்றி வைத்துக் கேட்டார். "டேப்பட் அடிக்குது தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றார். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, வலப்பக்கத்தில் உள்ள சின்ன மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு தண்டுகள் நின்றன. பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ஒவ்வொரு தண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டிப் பார்த்தார். தண்டு தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு அதுதான் கணக்கு. முடுக்கிய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் குறைந்திருந்தது, முழுக்கப் போகவில்லை. "கொஞ்சம் சத்தம் இருக்கட்டும். டைட்டா வெச்சா வால்வு எரிஞ்சிடும்" என்றார்.

அன்று முதல் இந்தச் சொல் என்னோடு இருக்கிறது. நம் ஊர் ஷெட்டுகளில் டேப்பட் என்றால் ஒரே நேரத்தில் மூன்று பொருள். அது எஞ்சினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் கதவான வால்வைத் திறக்க உதவும் ஒரு உறுப்பு, அந்த உறுப்புக்கு விட வேண்டிய இடைவெளி, அந்த இடைவெளியிலிருந்து வரும் சத்தம். "டேப்பட் வைக்கணும்" என்றால் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். "டேப்பட் அடிக்குது" என்றால் சத்தம் கேட்கிறது. உறுப்பே இல்லாத எஞ்சினிலும் இந்தப் பேச்சு உண்டு. பல பைக்குகளில், சுழன்று வால்வைத் திறக்க வைக்கும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே ராக்கர் என்ற நெம்புகோல் மட்டுமே இருக்கும், டேப்பட் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அதன் திருகைத் திருப்புவதையும் டேப்பட் வைப்பது என்றுதான் சொல்கிறோம். அதில் தவறில்லை, சொல் உறுப்பை விட்டு வேலைக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் டேப் (tap) என்றால் மெதுவாகத் தட்டுவது. தட்டும் ஓசையைக் கேட்டுப் பிறந்த சொல் அது. அதனோடு சிறு பொருளைக் குறிக்கும் விகுதி சேர்ந்து டேப்பட் ஆனது. 18-ஆம் நூற்றாண்டிலேயே, பெட்ரோல் எஞ்சினுக்கு வெகுகாலம் முன்பு, எந்திரப் பேச்சில் புழங்கத் தொடங்கிவிட்டது. அக்கால நீராவி எந்திரங்களில் மேலும் கீழும் போய்வரும் ஒரு மரச்சட்டத்தில் முளைகள் அடித்திருப்பார்கள். சட்டம் நகரும்போது முளை போய் வால்வின் கைப்பிடியைத் தட்டித் திறக்கும். விசைத்தறிக்குப் போனபோது பொருள் கொஞ்சம் புரண்டது. தறியில் மிதிகட்டையை அழுத்தி இழைகளைப் பிரிக்கும் கேமையே டேப்பட் என்பார்கள். கார் எஞ்சினில் கேம் வேறு, டேப்பட் வேறு. தறியில் அடிப்பது டேப்பட். எஞ்சினில் அடி வாங்கிக் கடத்துவது டேப்பட். அமெரிக்கர்கள் இதே உறுப்பைத் தூக்கி என்ற பொருளில் லிஃப்டர் என்கிறார்கள். நமக்கு வந்தது பிரிட்டிஷ் சொல்.

சரி, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? கேம் என்பது ஒரு பக்கம் புடைத்த முட்டை வடிவத் துண்டு. அது சுழல, புடைப்பு வந்து டேப்பட்டை முட்டும். டேப்பட் வால்வைத் திறக்கும். புடைப்பு விலகியதும் ஸ்ப்ரிங் வால்வை மூடிவிடும். மூடிய நிலையில் இவற்றுக்கு நடுவே ஒரு நூலிழைச் சந்து விட்டிருப்பார்கள். உலோகம் சூட்டில் நீளும் என்பதால் அந்தச் சந்து தேவை. ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சந்து அடைபடும்போது ஒரு தட்டு, அதுதான் டிக். கேம் தண்டு எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுழலும். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு வால்வு 400 முறை திறக்கும், அதாவது நொடிக்கு ஆறேழு தட்டு. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் தட்டும் கூடவே விரைகிறது. தையல் மிஷினின் ஓட்டத்தைக் கேட்டவர்களுக்கு இந்தத் தாளம் உடனே பிடிபடும்.

அதிவேக வண்டிகளில் இந்தச் சத்தம் அதிகம், அதற்குக் காரணம் உண்டு. போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் அறிமுகமாகி, 1998 வரை காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த கார் அது. அந்த வரிசையின் கடைசித் தலைமுறையான 993 வரும் வரை, அதன் 12 வால்வுகளுக்கும் கையால்தான் இடைவெளி வைக்க வேண்டும். அளவு 0.10 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் கனம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். எஞ்சின் படுத்த வாக்கில் இருப்பதால் பாதி வால்வுகளுக்குக் காருக்கு அடியில் போய்த்தான் கை வைக்க முடியும். மெல்லிய எஃகுத் தகட்டைச் சந்தில் நுழைத்து இழுத்தால், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி லேசான பிடிப்போடு வர வேண்டும். பிடிப்பே இல்லையென்றால் சந்து அதிகம். இழுக்கவே வரவில்லையென்றால் சந்து போதவில்லை.

சந்து அதிகமானால் சத்தம் கேட்கும், வால்வு கொஞ்சம் குறைவாகத் திறக்கும். சந்து குறைந்தால் சத்தம் போய்விடும், எஞ்சின் அமைதியாக ஓடும், கேட்க நன்றாக இருக்கும். ஆபத்து அங்கேதான். வால்வு தன் இருக்கையில் முழுக்க உட்கார முடியாமல் போகும். எரிந்த வாயு வெளியேறும் வால்வு தன் சூட்டைத் தணித்துக்கொள்வது பெரும்பாலும் இருக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சில கணங்களில்தான். அது கிடைக்காவிட்டால் விளிம்பு கருகி, கம்ப்ரஷன் போய், எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டையே கழற்றும் வேலை வந்துவிடும். ஷெட் அண்ணன் சொன்னதும் இதைத்தான். எனவே டிக் டிக் கேட்கிறதே என்று யாராவது திருகை முழுக்க முடுக்கிச் சத்தத்தை ஒழித்துக் கொடுத்தால், தயவுசெய்து அதை ரிப்பேர் என்று நம்பாதீர்கள்.

சத்தத்தையே இல்லாமல் செய்ய வந்தது ஹைட்ராலிக் டேப்பட். எஞ்சின் ஆயிலின் அழுத்தம் அதற்குள் புகுந்து சந்தை அடைத்துக்கொள்ளும். 1930-இல் வந்த காடிலாக்கின் 16 சிலிண்டர் கார் இதைக் கொண்டு அமைதிக்குப் பெயர் வாங்கியது. இந்த வகையில் இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் சில நொடி டிக் டிக் என்றுவிட்டு அடங்கும்; வடிந்த ஆயில் திரும்ப ஏறுகிறது, பயம் வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் அடங்காவிட்டால் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள், அப்புறம் ஆயிலின் தரத்தை. ஆனால் மிக வேகமாகச் சுழலும் எஞ்சின்களுக்கு இந்த வகை எப்போதும் பொருந்துவதில்லை. அதனால்தான் 9,000 சுற்று வரை போகும் ஹோண்டா எஸ்2000 கார், திருகித் திருகி இடைவெளி வைக்கும் பழைய முறையையே வைத்துக்கொண்டது. கூர்மையான கேம், கெட்டியான ஸ்ப்ரிங், சத்தத்தை நன்றாகக் கடத்தும் அலுமினிய உடல் எல்லாம் சேரும்போது டிக் டிக் இயல்பாகிவிடுகிறது.

புதிய எஞ்சின்களில் டேப்பட்டுக்குச் சம்பந்தமே இல்லாத டிக்கும் உண்டு. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி இஞ்செக்டர்கள் 200 பார் அளவு, அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் திறந்து மூடுவதால், பானெட்டைத் திறந்தாலே படபடவெனக் கேட்கும். 2018 மாடல் மஸ்டாங் ஜிடியின் 5.0 லிட்டர் வி8 எஞ்சினில் இந்த வகை இஞ்செக்டர் சேர்ந்தது. அந்தக் காரில் வந்த ஒரு டிக் சத்தத்துக்கு அமெரிக்காவில் அதை வைத்திருப்பவர்கள் டைப்ரைட்டர் டிக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது நம் சொல்தான். டைப்ரைட்டருக்கு நாம் வைத்த பெயர் தட்டச்சுப்பொறி. அவர்கள் சத்தத்திலிருந்து டைப்ரைட்டருக்குப் போனார்கள். நாமோ டைப்ரைட்டருக்கே தட்டும் சத்தத்திலிருந்து பெயர் கொடுத்திருக்கிறோம்.

தட்டு என்பது நம் சொற்களில் மிகப் பழையது. கன்னடத்திலும் தெலுங்கிலும் தட்டு, மலையாளத்தில் தட்டுக. பொன்னைத் தட்டி வேலை செய்பவர் தட்டார். ட என்ற எழுத்து தமிழில் சொல்லுக்கு முதலாக வராது. ஓசையை அப்படியே சொல்ல டிக், டொக் என்று பேச்சில் விட்டுக்கொடுக்கிறோம். பெயர் வைக்கும்போது த-வுக்கு வந்துவிடுகிறோம்.

அப்படியானால் டேப்பட்டுக்குத் தமிழ் என்ன? தட்டி என்று சொல்லலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் தட்டி ஏற்கெனவே மூங்கில் மறைப்புக்கும் விளம்பரப் பலகைக்கும் போய்விட்டது. "தட்டி அடிக்குது" என்றால் யாருக்கும் புரியாது. நான் தட்டுமுளை என்பேன். நீராவிக் காலத்தில் அது உண்மையாகவே ஒரு முளைதான். மாடு கட்டும் முளையை அறிந்த யாருக்கும் அதன் வடிவம் கண்ணில் தெரியும். சத்தத்துக்குத் தட்டொலி. இடைவெளிக்குப் புதுச் சொல் எதுவும் தேவையில்லை, சந்து போதும். எழுதும்போது "தட்டுமுளைச் சந்து 0.10 மில்லிமீட்டர்" என்று எழுதினால் தெளிவாகவே இருக்கிறது. ஷெட்டில் டேப்பட் இருக்கட்டும். அதை அங்கிருந்து எடுக்க நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சினில் கேட்கும் எல்லாச் சத்தமும் தட்டொலி அல்ல. இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழில் ஓசைச் சொற்கள் தாராளமாக உண்டு. எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து லேசாக, ஒரே சீராக டிக் டிக் என்றால் வால்வுப் பக்கம். குளிரில் டிக் டிக்கோடு புஸ் புஸ் என்று காற்றும் சேர்ந்து, சூடானதும் குறைந்தால் புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருக்கலாம். மேடேறும்போது கிணிகிணி என்றால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே எரிகிறது. அடிவயிற்றிலிருந்து கனமாக டொக் டொக் என்று வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உரக்கக் கேட்டால், அது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். அப்போது ஷெட் வரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுக்க ஆளைக் கூப்பிடுங்கள்.