வீடியோ ஓடினால் வாசிப்பு வந்துவிடாது

இந்த வாரமும் ஒரு பையன். ஒன்பதாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தின் முதல் பத்தியைத் தடங்கலே இல்லாமல் வாசித்தான். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்னப்பா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். ஸ்மார்ட் போர்டில் நாலு தடவை கேட்டதை அப்படியே ஒப்பித்திருக்கிறான். இந்த வருஷம் இப்படி நான் பார்க்கும் ஏழாவது பிள்ளை.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். வீடியோ பார்ப்பது வாசிப்பு இல்லை. பாடநூலில் க்யூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் பாடம் ஓடுகிறது, வகுப்பும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அங்கே வேலை செய்வது காது. கண் படத்தைப் பார்க்கிறதே தவிர எழுத்தைப் பார்ப்பதில்லை. கதையைக் கேட்டால் பிள்ளை சரியாகச் சொல்லிவிடும். உடனே வாசிக்கத் தெரியும் என்று நாம் நம்பிவிடுகிறோம். பரீட்சையில் கேள்வித்தாளை வாசித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? "கொ" என்று எழுதினால் கொம்பு முன்னால், கால் பின்னால். ஒலிக்கும்போதோ மெய்தான் முதலில். அந்த இடத்தில் தடுமாறுகிற பதினாலு வயதுப் பிள்ளைக்கு இன்னொரு வீடியோ எதற்கு?

அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாமா? வேண்டும். இந்த வயதில் குறுக்கே நிற்பது வெட்கம். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பக்கத்து பெஞ்சு சிரிக்கும். ஹைடெக் லேபில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் என்ன வாசிக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக, இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து வரி வாசித்துப் பதிவுசெய்து, தானே கேட்டு, பிடிக்கவில்லை என்றால் அழிக்கட்டும். ஒரு பெண் பதினோரு முறை அழித்துவிட்டுப் பன்னிரண்டாவதை என்னிடம் கொண்டுவந்தாள்.

சினிமாப் பாட்டும் உதவும். பாடும்போதே வரிகள் அதே மொழியில் கீழே ஓடினால் கண் தானாகப் பின்தொடரும். அகமதாபாத் ஐஐஎம் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் பிரிஜ் கோத்தாரி என்ற பேராசிரியர் 1996இல் தொடங்கிய யோசனை இது. நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன்: மூன்றாவது முறை ஒலியை நிறுத்திவிடுவேன். வரியைப் பார்த்துப் பாட வேண்டியது அவர்கள்தான்.

வாசிப்புப் பயிற்சியை வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடமாக அனுப்பாதீர்கள். மூணு பிள்ளைக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் திரும்பும். ரீசார்ஜ் முடிந்திருந்தால் அதுவும் இல்லை. செய்யவில்லை என்று மறுநாள் பிள்ளையை நிற்கவைப்பது என்ன நியாயம்? பயிற்சி பள்ளி நேரத்திலேயே முடியட்டும், தினம் பதினைந்து நிமிஷம் போதும்.

அப்புறம், முதலில் கண் பரிசோதனை. எழுத்தே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை "மக்கு" என்று திட்டிய வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து, முப்பது பேர் முன்னால் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். அன்று தலைகுனிந்த பையனை நான் அப்படித்தான் எழுப்பியிருந்தேன்.