ஊரடங்கில் தொல்லை தராத பிள்ளைகள்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில வாரங்களிலேயே உலகம் முழுக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது மனநல ஆலோசனைக்கு என்னிடம் வந்த பெற்றோர் சொன்னதெல்லாம் கோபம், அடம், விடிய விடிய செல்போன். அந்தப் பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்த நாட்களில் ஒரு தொல்லையும் தராமல் இருந்தவர்களைத்தான் நாம் கவனிக்காமல் விட்டோம்.

கூச்சமும் பதற்றமும் உள்ள பிள்ளைக்குப் பள்ளி மூடியது பெரிய விடுதலை. எல்லார் முன்னாலும் எழுந்து வாசிக்க வேண்டாம். இடைவேளையில் யாரோடு உட்காருவது என்ற கவலை இல்லை. கேமராவை அணைத்துவிட்டால் யார் கண்ணிலும் பட வேண்டாம். "ரொம்ப சமத்தா ரூமிலேயே இருக்கான்" என்று வீட்டிலும் நிம்மதி. பயப்படும் இடத்தைத் தவிர்த்தால் பதற்றம் உடனே அடங்கும். ஆனால் அந்தச் சுகமே அடுத்த முறை பயத்தை இன்னும் பெரிதாக்கும். நண்பனோடு சண்டை போட்டு மறுநாள் பேசிச் சேருவதையெல்லாம் பழக வேண்டிய வயதில், பழக ஆளே இல்லாமல் போனது.

பள்ளி திறந்ததும் வந்த ஒரு மாணவியைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). 12 வயதில் வீட்டுக்குள் போனவள், 14 வயதில் வகுப்புக்குத் திரும்பினாள். முகக்கவசத்தைக் கழற்றவே மாட்டாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும். தாகம் தாங்காவிட்டால் கவசத்துக்கு அடியில் ஸ்ட்ராவை நுழைத்துக் குடிப்பாள். தொற்று பயம் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். தனியாகக் கேட்டபோது சொன்னாள்: "என் மூக்கையும் வாயையும் இங்க யாருமே பார்த்ததில்ல. பார்த்தா சிரிப்பாங்க." அந்த இரண்டு வருடத்தில் முகத்தில் பருக்கள் வந்திருந்தன, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். போதாக்குறைக்கு, ஆன்லைன் வகுப்பில் தன் முகத்தையே மணிக்கணக்காகப் பார்த்துக் குறை கண்டுபிடித்திருந்தாள்.

"உன் முகத்துக்கு என்ன குறைச்சல்?" என்ற ஆறுதல் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. படிப்படியாகத்தான் போனோம். முதலில் என் எதிரே கவசத்தை இறக்கி ஒரு வாய் தண்ணீர். அடுத்து ஒரே ஒரு தோழியோடு சாப்பாடு. அப்புறம் வகுப்பில். மாதக்கணக்கானது.

2021இல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ ஆய்விதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு, 29 ஆய்வுகளில் இடம்பெற்ற சுமார் 80,000 சிறார்களின் தரவை அலசியது. கவனிக்க வேண்டிய அளவு மனச்சோர்வு அறிகுறிகள் நான்கில் ஒருவருக்கு, பதற்ற அறிகுறிகள் ஐந்தில் ஒருவருக்கு. தொற்றுக்காலம் நீள நீள இந்த விகிதம் கூடியது. பெண் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். தொடக்கத்தில் சமாளித்தவர்கள் எல்லாரும் கடைசிவரை சமாளிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதின்பருவத்தில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. பள்ளி மணி இல்லாவிட்டால் தூக்கம் விடிகாலைக்குத் தள்ளிப்போகும். படுக்கும் நேரத்துக்காகச் சண்டை போடுவதைவிட, எழும் நேரத்தை மாற்றாமல் வைத்திருங்கள்.

பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையை "கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். ஒவ்வொரு நாள் விடுப்பும் மறுநாளைக் கடினமாக்கும். அரை நாள், ஒரே ஒரு வகுப்பு என்றாலும் சரி, பள்ளியிடம் பேசி அனுப்புங்கள். யாராவது அங்கே துன்புறுத்துகிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டு.

தூக்கமோ, சாப்பாடோ, நட்போ கெட்டு இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உயிரை விடுவது பற்றி ஜாடையாகப் பேசினாலும், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் திட்டாமல், இடைமறிக்காமல் கேட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள்.