லோரி வருவதற்குள் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலையானால், பழைய பேப்பர் எடுக்கும் லோரி ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தாமான் தாமானாக (குடியிருப்பு குடியிருப்பாக) சுற்றும். "சூராட் காபார் லாமா" (பழைய நாளிதழ்) என்று பதிவு செய்த குரல் இழுத்துக்கொண்டே வரும். நூலகத்தில் பழைய தாள்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. உன் தொழிலுக்கு எதிரி கரையானா, ராமபாணப் பூச்சியா என்று கேட்டால், அந்த லோரி என்றுதான் சொல்வேன்.

போன மாதம் ஓர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, வீட்டுக்காரர் சேர்த்து வச்ச பாட்டு மேகசின் மூணு பெட்டி கிடக்கு. பையன் தூக்கிப் போடச் சொல்றான். நீங்க வந்து ஒரு பார்வை பார்த்துட்டா நல்லது." கணவர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். திருவிழா மேடைகளில் கிட்டார் வாசித்தவராம்.

முதல் பெட்டியில் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இதழ்கள். 1978இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த இதழ், புதுப் பாட்டுகளின் வரிகளை முழுசாக அச்சிட்டே பெயர் வாங்கியது. ஒரு பக்கத்தைப் பிரித்தேன். ஆங்கில வரிகளுக்கு மேல் பென்சிலால், தமிழ் எழுத்தில், அதே வரிகள். பாடியவருக்கு ஆங்கிலம் படிக்க வராது போலிருக்கிறது. இடையிடையே கிட்டாரில் எந்தச் சுரங்களைச் சேர்த்து மீட்டணும் என்ற 'கார்டு' (chord) குறிகள். ஓரத்தில் ஒரு குறிப்பு: "ஒரு கட்டை இறக்கணும். அண்ணனுக்கு எட்டாது." கட்டை என்றால் சுருதியின் அளவு.

"எல்லாம் யூடியூப்ல இருக்கே அங்கிள்" என்றார் மகன். பாட்டு இருக்கிறது, தப்பில்லை. ஆனால் ஒரு தோட்டத்து மேடையில் அந்தப் பாட்டை ஒரு கட்டை இறக்கிப் பாடினார்கள் என்பது இந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது.

இசை இதழ்கள் ஏன் படுத்தன? எனக்குத் தெரிந்தவரை காரணம் எளிது. அப்போது கேட்காமலேயே இசைத்தட்டை வாங்க வேண்டும். ஆகவே கேட்டவர் ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் காசை எடுப்பார்கள். பாட்டு இணையத்துக்கு வர வர அந்தத் தேவை குறைந்தது; யூடியூபுக்குப் பின் 2013இல் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியும் மலேசியாவுக்கு வந்தபோது அறவே போய்விட்டது. வாசகர் போனால் இசைத்தட்டு நிறுவனங்களின் விளம்பரமும் போகும். இங்கிலாந்து இதழ்களைப் பாருங்கள்: 'மெலடி மேக்கர்' 1926இல் பிறந்து 2000இல் 'என்எம்இ'யோடு கரைந்தது. 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' 2006இல் நின்றது. 1952 முதல் வந்த 'என்எம்இ' 2015இல் இலவச இதழாகி, 2018இல் வாராந்தர அச்சை நிறுத்தியது. 'கியூ' 2020இல் போனது. எல்லாமே செத்தது என்று சொல்ல முடியாது. 1923இல் தொடங்கிய 'கிராமஃபோன்' இன்றும் தாளில் வருகிறது.

நம் கதை கொஞ்சம் வேறு. தமிழ் இசைப் பேச்சு பெரும்பாலும் தனி இதழில் வாழவில்லை. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கச்சேரி விமர்சனம் எழுதியது ஆனந்த விகடனில். 1983இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்ருதி' இசைக்கென்றே வந்தது, ஆனால் ஆங்கிலத்தில். மலேசியாவிலோ நாளிதழின் ஞாயிறு பதிப்பு, கோயில் மலர், கலைநிகழ்ச்சி அழைப்பிதழ், சினிமா பாட்டுப் புத்தகம், இவைதான் நம் இசை இதழ்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுபோனது. அட்டையில் 'இசை' என்று எழுதியிருக்காததால் இவற்றை இசைக்காகத் தேடுபவர் கையில் இவை சிக்குவதில்லை.

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அச்சாகும் நூல்களிலும் இதழ்களிலும் 5 பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். திருவிழா மலர் போட்ட கமிட்டிக்கு அது நினைவிருந்திருக்குமா? தேர் இழுக்கவே ஆள் பற்றாது.

இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015க்கு முன் பயனர்கள் ஏற்றிய பாட்டுகளை மைஸ்பேஸ் என்ற இணையத்தளம் தொலைத்துவிட்டது; விஷயம் 2019இல்தான் வெளியே வந்தது. இசைத் தொலைக்காட்சி எம்டிவியின் செய்தித் தளமான எம்டிவி நியூஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்த கட்டுரைகள் 2024 ஜூனில் ஒரேயடியாக மறைந்தன. தாள் மெதுவாகத்தான் சாகும், நமக்கு அவகாசம் தரும்.

சரி, அந்த மூன்று பெட்டிக்கு வருவோம். எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லும் ஆள் நான் இல்லை. சுத்தமான, யாரும் எழுதாத வெளிநாட்டு இதழ்கள் பெரிய நூலகங்களில் இருக்கின்றன. இடமில்லை என்றால் அவற்றை விடலாம். கைப்பட எழுதியது, உள்ளூரில் அச்சானது, தமிழிலும் மலாயிலும் வந்தது, இவற்றை விடவே கூடாது. ஈப்போ இசைக்கருவிக் கடை விளம்பரம் இருந்தால் அந்தப் பக்கத்தையும் வெட்டாமல் வையுங்கள். ஒரு கிட்டார் எத்தனை வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றது என்று அதில்தான் தெரியும்.

நம் ஊர் ஈரக்காற்றில் மட்டமான தாள் சீக்கிரம் பழுக்கும். மரக்கூழில் உள்ள அமிலம் அதன் வேலையைக் காட்டும். அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் கட்டுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். பத்து வருடத்தில் பசை பழுப்பாக ஊறி எழுத்தைத் தின்னும்.

வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். வழவழப்புத் தாள் நனைந்து அப்படியே காய்ந்தால் செங்கல்தான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒன்றைப் பிரிக்கப் போய், பாடகியின் முகம் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக உரிந்து வந்தது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களுக்கு இடையே கேக் சுடும் எண்ணெய்த்தாளை வைத்துக் காற்றாட விட வேண்டும். நேரமில்லையா, பையில் போட்டு மீன் வைக்கிற ஃப்ரீசரில் தள்ளுங்கள். கெடாமல் காத்திருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டில் கடைசியில் ஒன்றரைப் பெட்டி லோரிக்குப் போனது. மீதியை மகனே கைப்பேசியில் படம் எடுக்க உட்கார்ந்தார். அட்டையும் தேதியும் விடாமல், பக்கம் முழுசாக எடுக்கச் சொன்னேன்.

அம்மா அந்தப் பென்சில் பக்கத்தைக் கையில் எடுத்து, "இத மட்டும் லேமினேட் பண்ணி மாட்டிடட்டுமா தம்பி?" என்றார்.

"வேண்டாம்மா. சூடு பட்டு பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டா அப்புறம் எடுக்க முடியாது. ஒரு நகல் எடுத்து அத மாட்டுங்க. இது பெட்டியிலயே இருக்கட்டும்."