இளசுகளை விடுங்கள், 45 வயதுக்காரரைக் கவனியுங்கள்

திருகோணமலையில் இளைஞர்களுக்கான நல்லிணக்கப் பயிலரங்குகளுக்குக் குறைவில்லை. பாடசாலைகளில், இளைஞர் கழகங்களில், ஹோட்டல் மண்டபங்களில் என்று மூன்று மொழியிலும் பதாகை கட்டி, ரீசேட்டும் கொடுத்து நடத்துகிறார்கள். நல்ல விஷயம், நானும் சிலவற்றுக்கு வளவாளராகப் போயிருக்கிறேன். ஆனால் உளவளத்துணைக்காக என் அறைக்கு வருகிறவர்களை வைத்துச் சொல்கிறேன், இனவாதத்துக்குள் ஆழமாக இறங்கிப்போனவர்கள் என்று நான் அதிகம் காண்பது அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களையும் அம்மாக்களையும் மாமாக்களையும்தான். 40க்கும் 55க்கும் இடைப்பட்டவர்கள். அரச உத்தியோகத்தர், கடை வைத்திருப்பவர், கட்டாரில் உழைத்துவிட்டுத் திரும்பியவர், டியூசன் ஆசிரியை. இவர்களுக்கென்று யாரும் பயிலரங்கு வைப்பதில்லை.

எனக்கு இனவாதம் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. நித்திரை இல்லை, பிரஷர் குறையவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று டொக்டரிடம் போய், அவர் அனுப்பி வருவார்கள். இல்லாவிட்டால் மனைவி கூட்டிக்கொண்டு வருவார். "இவரோட கதைக்க ஏலாது மிஸ், எதைச் சொன்னாலும் பாயுறார், ராத்திரி ரெண்டு மணிக்கும் ஃபோனோடதான் இருக்கிறார்." கொஞ்ச நேரம் கதைத்தால்தான் அந்த ஃபோனுக்குள் என்ன ஓடுகிறது என்பது தெரியவரும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2021 ஜனவரி 6ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்த சம்பவத்தில் கைதானவர்களை சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ரொபேட் பேப் குழுவினர் ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் 35 வயதோ அதற்கு மேலோ என்று தெரிந்தது. கணிசமானவர்கள் சொந்தத் தொழிலோ நல்ல உத்தியோகமோ உள்ளவர்கள். வேலையில்லாத பெடியள்தான் இப்படிப் போவார்கள் என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

எங்கள் ஊரில் இதற்கு இன்னும் ஒரு கனம் இருக்கிறது. 1980ஐ ஒட்டி இங்கே பிறந்த ஒருவரின் வயதைக் கூட்டிப் பாருங்கள். 83 ஜூலையில் இடுப்பில் இருந்த குழந்தை. 90இல் பத்து வயது, ஊரே இடம்பெயர்ந்த காலம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபோது 22, இனி வாழலாம் என்று நம்பிய வயது. 2004இல் கடல் வந்தது. 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரவோடு இரவாகப் புத்தர் சிலை வைக்கப்பட்டு ஊர் ஹர்த்தாலில் மூடிக் கிடந்தது. 2006 ஜனவரி 2ஆம் தேதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள், ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்து அதன் பிறகு கடைகளும் வீடுகளும் எரிந்தன, ஓகஸ்டில் மூதூரில் சண்டை. 2009இல் எல்லாம் முடிந்தபோது அவருக்கு 29. அதற்குப் பிறகுதான் கலியாணம், காணித் துண்டு, வீட்டுக்கடன், பிள்ளைகள். கொஞ்சம் மூச்சுவிடும்போது 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், அடுத்த வருஷம் கொரோனா, 2022இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொடப் போனது. சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசின் பெறுமதி கண்ணுக்கு முன்னால் கரைந்தது. சரி, ஒருவாறு அதையும் தாண்டியாகிவிட்டது என்று நிமிர்ந்து பார்க்கும்போது வயது 45. நான் என்ன ஆக நினைத்தேன், என்ன ஆகியிருக்கிறேன், இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று உட்கார்ந்து யோசிக்க இவர்களுக்கு இப்போதுதான் முதல்முதலாக நேரம் கிடைத்திருக்கிறது.

நடுவயது நெருக்கடி பற்றி 1965இல் எழுதிய எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர், தன் மரணமும் உண்மைதான் என்று ஒருவருக்கு அந்த வயதில் உறைப்பதைத்தான் மையமாக வைத்தார். எல்லோருக்கும் அந்த நெருக்கடி வருவதில்லை, பலர் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறார்கள். வருகிறவர்களில் ஒரு பகுதியினர் குடிக்குள் போகிறார்கள், ஒரு பகுதியினர் கோயிலே கதி என்றாகிறார்கள். அண்மைக் காலமாக இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான், ஆள் யார் என்று தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். 48 வயது, அரச அலுவலகமொன்றில் 22 வருஷமாகக் கிளார்க். தனக்குக் கீழே வேலை பழகியவர் மேலே போய்விட்டார். மகன் கடன்பட்டு லண்டனுக்குப் படிக்கப் போய், வாரத்துக்கு ஒருதடவை இரண்டு நிமிஷம் கதைக்கிறான். அப்பா இறந்து ஒரு வருஷம். இவர் ஒரு வட்ஸ்அப் குழுவின் அட்மின். மரண அறிவித்தலுக்கும் திருவிழா நேரத்துக்கும் என்று தொடங்கிய ஊர்க் குழு, போகப்போக முழுநேர அரசியலாகிவிட்டது.

அந்தக் குழுவில் தான் போட்ட குரல்பதிவொன்றை எனக்குப் போட்டுக் காட்டினார். ஃபோனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்காதீர்கள், வாங்குகிறவன் துரோகி என்று போகிற பேச்சு. எனக்குப் பேச்சைவிட அவருடைய உடம்புதான் தெரிந்தது. வரும்போது கூனிக்கொண்டு வந்தவர், குரல் உயர்கிற இடத்தில் முதுகை நிமிர்த்தினார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், நெருப்புப் படங்கள். யாரோ "தலைவரே" என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "ஒஃபிஸில என்னை ஒருத்தரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுறேல்ல மிஸ். அந்த ஃபைலைக் கொண்டாங்க எண்டு மட்டும்தான்."

இவருக்குக் கிண்ணியாவில் 30 வருஷப் பழக்கமுள்ள முஸ்லிம் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். 2009இல் பாலம் திறக்கும்வரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஒன்றாகக் கடந்து திரிந்தவர்கள், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இப்போது அவருடைய கடைப் பக்கமே போவதில்லை. அவர் உங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டேன். "அவன் ஒண்டும் செய்யேல்ல. ஆனா அவனும் அவங்கள்ல ஒருத்தன்தானே."

ஏரி குருக்லான்ஸ்கி என்ற உளவியலாளர் பல வருஷம் பல நாட்டுத் தீவிரவாதிகளை ஆராய்ந்து சொன்னது இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. நானும் ஒரு ஆள், எனக்கும் மதிப்பிருக்கிறது என்று உணர வேண்டிய தேவை. அந்த மதிப்பு ஏன் பறிபோனது, யார் பறித்தார்கள் என்று சொல்லித்தரும் ஒரு கதை. அந்தக் கதையை நம்பி முதுகில் தட்டிக்கொடுக்கும் ஒரு கூட்டம். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் சாதாரண மனிதரும் இழுபடுவார். வட்ஸ்அப் குழு ஒன்றில் மூன்றுமே இலவசமாகக் கிடைக்கிறது, அதுவும் நித்திரை வராத இரவு இரண்டு மணிக்கு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் அரசியலையே நோய் என்று சொல்வதாக யாராவது எடுத்துக்கொள்வார்கள். எங்கள் மக்களின் கோபத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. கன்னியா வெந்நீரூற்றில் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை கட்டப் போனதும், குச்சவெளி, தென்னமரவடிப் பக்கத்துக் காணிப் பிரச்சினைகளும் யாரும் கற்பனை செய்தவை அல்ல. காணாமல் போன பிள்ளையின் படத்தோடு வீதியில் நிற்கும் தாய்க்கு உளவளத்துணையை விட முதலில் பதில்தான் வேண்டும். வழக்குப் போடுகிறவர், ஆர்ப்பாட்டத்தில் நிற்கிறவர், கட்சிக்கு வேலை செய்கிறவர், கடுமையாக எழுதுகிறவர் யாரையும் நான் தீவிரவாதி என்று சொல்லவில்லை. நான் பயப்படுவது வேறு சில மாற்றங்களைப் பார்த்து. தெரிந்த மனிதர் ஒருவர் முகம் போய் இனமாக மட்டும் தெரியத் தொடங்குவது. சொந்தப் பக்கத்தில் மாற்றுக் கருத்துச் சொன்னவரெல்லாம் துரோகி ஆவது. எதிர்ப்பக்கத்தில் ஒரு குழந்தை செத்த செய்தியைக் கேட்டதும் மனதில் ஒரு கணம் ஆறுதல் வருவது. இந்தக் கடைசியை மனிதர்கள் வெட்கத்தோடுதான் என்னிடம் சொல்வார்கள். சொல்ல முடிகிறவருக்கு இன்னும் திரும்பி வர வழியிருக்கிறது என்பது என் அனுபவம்.

முஸ்லிம்கள் அதிகமுள்ள கிண்ணியாவிலிருந்தும் சிங்களவர் அதிகமுள்ள கந்தளாயிலிருந்தும் வருகிறவர்களிடமும் இதே வயதையும் இதே நித்திரையின்மையையும் பார்க்கிறேன், வில்லன் மட்டும் மாறுகிறார். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றின் உணவில் மலட்டு மாத்திரை போட்டிருப்பதாகக் கதை கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. அடுத்த வாரமே கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை. பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்க வேண்டி வந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கும் பங்கிருந்ததற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. மாத்திரைக் கதையைக் கேட்டு "இதென்ன விசர்க்கதை" என்று முதல் ஆளாகக் கேட்டிருக்க வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்களே அதை முன்னனுப்பினால் பிள்ளை எங்கே போய்க் கேட்கும்? வட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலிலிருந்து அப்படியானதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும்தான் அனுப்பலாம். நிறுவனமே வேகத்தைக் குறைத்த செய்தியை நீங்கள் பிரதி எடுத்து ஒட்டி அனுப்பாதீர்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில் இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் 3ஆம் பிரிவில் கைதானால் பிணை எடுக்கவே மேல் நீதிமன்றம் போக வேண்டும். 1979 பயங்கரவாதத் தடைச் சட்டமும், இணையப் பதிவுகளுக்கான 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வேறு. இவை எல்லோர் மேலும் ஒரேமாதிரிப் பாய்வதில்லை என்பது இந்த நாட்டில் வாழும் யாருக்கும் தெரியும், அதனால்தான் தமிழரும் முஸ்லிம்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன். லண்டனிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ யூடியூபில் உசுப்பேற்றுகிறவரின் வீட்டுக் கதவை இரவில் யாரும் தட்டப்போவதில்லை.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்வது? முதலில், செய்தி பார்க்கும் நேரத்தில் வாதாடாதீர்கள். நீங்கள் ஓர் ஆதாரம் காட்டினால் குழுவில் இருந்து அவர் பத்து எடுப்பார். பிள்ளைகளுக்கு முன்னால் அவரை மட்டம் தட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் மதிப்பில்லை என்பதுதானே வியாதியின் வேரே. காலையில் டச்பே கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போங்கள், அரசியல் கதைக்காமல் அவருடைய கதையைக் கேளுங்கள். ஏ.எல் பரீட்சை எடுத்த வருஷம் என்ன நடந்தது, எதைப் படிக்க ஆசைப்பட்டார், அப்பா இறந்தபோது அழுதாரா. ஃபோன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும். ஒருமுறை டொக்டரிடமும் காட்டுங்கள். ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக, கோபமாக வருவது மிகச் சாதாரணம், அதைக் குணம் கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறோம். பெண்கள் விஷயத்தில் மாதவிடாய் நிற்கும் காலத்து நித்திரையின்மையும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும், அதையும் யாரும் கேட்பதில்லை.

அப்புறம், திட்டம். 50க்குப் பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பென்சன், மகளின் கலியாணம், அதோடு நின்றுவிடுவார்கள். தனக்கென்று ஒன்றுமே இல்லை. எரிக் எரிக்சன் நடுவயதின் வேலை என்று சொன்னது, அடுத்த தலைமுறைக்கு எதையாவது ஆக்கிக் கொடுப்பதை. அது நடக்காதபோது ஆள் தேங்கிப் போகிறார், தேங்கிய தண்ணீரில் எதுவும் முட்டையிடலாம். அதனால் நான் ஒரு கடதாசியைக் கொடுத்து, அடுத்த பத்து வருஷத்தில் உங்களால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று எழுதச் சொல்வேன். பெரிதாக வேண்டாம், பெயரும் கிழமையும் இருந்தால் போதும்.

நான் சொன்ன அந்தக் கிளார்க் முதலில் வெற்றுத்தாளைத்தான் திருப்பித் தந்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதுதான், சம்பள ஏற்றத்துக்காகச் சிங்களப் பரீட்சை எழுதித் தேறியவர் என்பது வெளியில் வந்தது. பொலிஸ் முறைப்பாடும் அரச கடிதமும் சிங்களத்தில் வந்து, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்து வைக்கிற எங்கள் சனத்தை அவர் தினமும் பார்க்கிறார். இப்போது சனிக்கிழமை காலையில் வாசகசாலையில் உட்கார்ந்து அதை வாசித்துச் சொல்கிறார், பதில் எழுதியும் கொடுக்கிறார். இதுவும் அரசியல்தான், நல்ல அரசியல். குழுவில் இன்னும் இருக்கிறார், கோபமும் இருக்கிறது, குரல்பதிவு மட்டும் குறைந்திருக்கிறது. கிண்ணியாக் கூட்டாளியிடம் இன்னும் போகவில்லை.

குழுவை விட்டு வெளியேறச் சொல்லலாமா என்று மனைவிமார் அடிக்கடி கேட்கிறார்கள். உடனே வேண்டாம். அவருக்கு இருக்கிற ஒரே கூட்டத்தைப் பிடுங்கினால் வேறொரு குழுவைத் தேடிப் போவார், அது இதைவிடக் கடும் குழுவாக இருக்கலாம். முதலில் அறிவிப்பை ஊமையாக்குங்கள், வேறு மனிதர்கள் வாழ்க்கைக்குள் வரட்டும், பிறகு அவரே முடிவெடுக்கட்டும். ஆனால் யாரையாவது அடிக்கப்போவதாகவோ தான் சாகப்போவதாகவோ சொன்னால் காத்திருக்க வேண்டாம், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இரவு நேரமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள், 24 மணி நேரமும் ஆட்கள் இருப்பார்கள்.