மீன் கடை கருப்பு கவரும் கிழிந்த வலையும்: பிளாஸ்டிக் தடை எதுவரைக்கும்?

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1இல். அரசாணை அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குப் போனால் கருப்பு கவர் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. மீன் விற்கிறவர், வாங்குகிறவர், படகு வைத்திருக்கிறவர் என ஒவ்வொருவருக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கவர். இங்கே பலர் குழம்புவது மைக்ரான் கணக்கில், அதாவது பையின் தடிமன் அளவில். 120 மைக்ரானுக்குக் குறைவான பைக்குத் தடை என்பது 2022 டிசம்பர் 31இல் அமலான மத்திய அரசு விதி. தமிழ்நாட்டு அரசாணையில் மைக்ரான் பேச்சே கிடையாது. எந்த அளவு, எந்தத் தடிமன் என்றாலும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பை கூடாது. ஆகவே “இது கெட்டி கவர், பரவாயில்லை” என்று கடைக்காரர் சொன்னால் அது நம் ஊரில் செல்லாது. பிளாஸ்டிக் பூசிய காகிதப் பையும், துணி மாதிரியே இருக்கும் நெய்யாத பையும்கூடத் தடைப் பட்டியலில் உண்டு. படகிலும் ஏலக்கூடத்திலும் புழங்குகிற தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டீ கப், தெர்மாகோல் தட்டு எல்லாமே மாநில அரசு தடை செய்த 14 பொருட்களுக்குள் வருபவை.

கவருடன் பிடிபட்டால் சிறு வியாபாரிக்கு முதல் தடவை 100 ரூபாய், அடுத்து 200, அதற்கடுத்து 500 அபராதம். கூடையில் வைத்து விற்கும் பெண்களுக்கு 100 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனால் கவர் கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் அதைவிடப் பெரிது. மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது, நல்ல காரியம்தான். ஆனால் வெட்டிக் கழுவிய மத்தி அரைக் கிலோவைத் துணிப்பையில் போட்டால் வீடு வரைக்கும் தண்ணீர் சொட்டும். மூடியுள்ள டப்பாவோ தூக்கோ கொண்டுபோவதுதான் வழி. தராசுத் தட்டில் எடை போட்ட பிறகு டப்பாவில் கொட்டச் சொல்லுங்கள், டப்பா எடை பற்றிய தகராறு வராது. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் பனை ஓலைப் பெட்டியில் மீன் கொண்டுபோன பழக்கம் ரொம்பக் காலம் இருந்தது. அதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

சரி, ஐஸ் போட்டு மீன் வருகிற வெள்ளை தெர்மாகோல் பெட்டி? அதற்குத் தடை இல்லை. மாநிலப் பட்டியலில் இருப்பது தெர்மாகோல் தட்டும் கப்பும் மட்டும். 2022 ஜூலை 1 முதல் அமலான மத்தியத் தடையோ அலங்காரத்துக்கான தெர்மாகோலை மட்டும் சொல்கிறது. மீன் பெட்டி இரண்டிலும் வராது. ஆனால் உடைந்த பெட்டியைக் கரையில் வீசுவதும் கொளுத்துவதும் திடக்கழிவு விதிகளின்படி குற்றம். மார்க்கெட்டின் பின்பக்கம் உருண்டை உருண்டையாக உதிர்ந்து காற்றில் பறப்பதைப் பார்த்தால், இந்தக் குற்றத்துக்கு யாருக்காவது அபராதம் போட்டிருப்பார்களா என்று தோன்றும்.

அடுத்தது வலை. என் கணக்கில் பெரிய ஓட்டை இங்கேதான். நைலான் வலையும் தங்கூசி (ஒற்றை இழை) வலையும் சுத்தமான பிளாஸ்டிக். கடலில் அறுந்து விழுந்தால் பல வருடங்களுக்கு மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக்கொண்டே கிடக்கும். ஆனால் விற்கிற கம்பெனியே கழிவைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற மத்திய விதி பேக்கேஜிங் பிளாஸ்டிக்குக்கு எழுதப்பட்டது. வலை பேக்கேஜிங் ஆகாது. மீன் பாக்கெட் விற்கிற பிராண்டு கணக்கு காட்ட வேண்டும், வலை விற்கிற கம்பெனி காட்ட வேண்டியதில்லை. நூறு ரூபாய் அபராதம் கட்டுகிற மீன்காரம்மாவிடம் இதை எப்படி விளக்குவது?

பழைய வலையைக் கடலில் எறிந்துவிடக் கூடாது என்ற சட்டம் உண்டு. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்க இந்தியா சேர்ந்திருக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் 5ஆம் இணைப்பு, மீன்பிடிப் படகு உட்பட எந்தக் கலத்திலிருந்தும் எந்தப் பிளாஸ்டிக்கையும் கடலில் போடக் கூடாது என்கிறது. கவனமாக இருந்தும் தற்செயலாக வலை அறுந்துபோனால் அது குற்றம் ஆகாது. நடுக்கடலில் வேண்டுமென்றே எறிந்தார்களா, தானாக அறுந்ததா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

அதனால் பலன் தருவது கரைக்குக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிற ஏற்பாடுதான். கேரளத்தில் கொல்லம் மாவட்டம் நீண்டகரைத் துறைமுகத்தில் 2017இல் ‘சுசித்வ சாகரம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். படகுக்காரர்களுக்குப் பை கொடுத்து, வலையில் மீனோடு ஏறும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் தட்டாமல் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். துறைமுகத்தில் பெண்கள் சம்பளத்துக்கு அதைக் கழுவி, பிரித்து, காயவைத்தார்கள். பிறகு இயந்திரத்தில் துண்டுதுண்டாக்கி, தார்ச் சாலை போடக் கொடுத்தார்கள். முதல் பத்து மாதத்தில் சுமார் 25 டன் கரையேறியது.

நம் பக்கம் காசிமேட்டில் பழைய வலையைக் காசு கொடுத்து வாங்கும் மையம் அரசு ஏற்பாட்டில் திறக்கப்பட்டிருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னுவதும் பழசைக் கழிப்பதும் அப்போதுதான் அதிகம். மற்ற துறைமுகங்களில் இருப்பவர்கள் கழித்த வலையைக் கொளுத்துவதற்கு முன், அந்த ஊர் மீன்வளத் துறை அலுவலகத்தில் எடுக்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், சங்கத்தின் பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.