படம் தெரியேல்ல எண்டு பக்கெட்டைத் திறந்து விடாதீங்கோ

திருகோணமலையில வெப் வேலை செய்யிற ஆக்களுக்கும், கோணேசபுரி கம்பஸ்ல படிச்சுக்கொண்டே வெளியில சின்னச் சின்ன ப்ரொஜெக்ட் எடுத்துச் செய்யிற பிள்ளையளுக்கும், அதைவிட முக்கியமா சொந்தமா கெஸ்ட் ஹவுஸ், போட் சேர்விஸ் எண்டு வச்சு நடத்திக்கொண்டு காசு குடுத்து சைட் செய்விக்கிற ஆக்களுக்கும் இதை எழுதுறன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா வாசியுங்கோ.

எங்கட பக்கம் சீசன் ஏப்ரல்ல தொடங்கி செப்டெம்பர் மட்டும் போகும். அதுக்கு முன்னம் எல்லாருக்கும் சைட் ரெடியாக வேணும், புக்கிங் ஒன்லைன்ல வரவேணும், வாற ஆக்கள் பாஸ்போட்டிண்ட முதல் பக்கத்தைப் படம் எடுத்து அப்லோட் பண்ணவேணும், உள்ளூர் ஆக்கள் எண்டா அடையாள அட்டை (ஐசி), பிறகு பேங்க்ல காசு கட்டின ஸ்லிப். இப்பிடி ஒரு புக்கிங் சைட்டில படங்கள் லோட் ஆகப் பிந்துது, ஒருக்கா பாருங்கோ எண்டு கேட்டிச்சினம். படத்திண்ட லிங்கை எடுத்து, பைல் பேரை வெட்டிட்டு பக்கெட்டிண்ட (பைலுகளை ஒன்லைன்ல சேத்து வைக்கிற பெட்டி) அட்ரஸை மட்டும் ப்ரவுசர்ல போட்டுப் பாத்தன். முழு லிஸ்டும் எக்ஸ்எம்எல்லா வந்து கொட்டுது. எஸ்3 எண்ட அமேசனிண்ட பைல் சேமிப்புச் சேவை ஒரு தரத்தில ஆயிரம் பைல் பேர் மட்டும் குடுக்கும், அடுத்த ஆயிரத்தை எடுக்கிறதுக்கும் அதிலயே வழி இருக்கு. தங்கின ஆக்கள்ட பாஸ்போட், ஐசியிண்ட ரெண்டு பக்கமும், எக்கவுண்ட் நம்பரோட டெபொசிட் ஸ்லிப், எல்லாம் லொகின் இல்லாம, பாஸ்வேர்ட் இல்லாம கிடக்கு. ஹொட்டல்காரருக்கு இது தெரியவே தெரியாது. அவருக்கு சைட்ல படம் வடிவாத் தெரியுது, அவ்வளவுதான்.

இது கெட்ட எண்ணத்தில ஆரும் செய்யிறதில்ல, நடக்கிற விதம் எப்பவும் ஒண்டுதான். எஸ்3 பக்கெட் ஒண்டு புதுசா உண்டாக்கினா அது ப்ரைவட்டாத்தான் வரும், 2023 ஏப்ரலுக்குப் பிறகு பப்ளிக் அக்சஸை மறிக்கிற செட்டிங்கும் தானாவே ஓன்ல இருக்கும். பிள்ளை அப்லோட் கோட் எழுதுது, படம் ஏறுது, லிங்கை இமேஜ் டாக்ல போடுது, உடைஞ்ச ஐக்கன் வருகுது. நெட்வேர்க் டாப்ல பாத்தா 403, அதாவது அனுமதி இல்ல எண்ட பதில். உடன தேடுறது, முதல்ல ஆம்பிடுற பதிலில அந்த மறிப்பை ஓஃப் பண்ணி இந்தப் பொலிசியை (ஆருக்கு எதைக் குடுக்கலாம் எண்ட விதி) ஒட்டு எண்டு இருக்கும், ஒட்டினா படம் வந்திடும். கஸ்டமருக்கும் சந்தோசம். அந்தப் பொலிசியில நட்சத்திரக் குறி போட்டிருக்கே அதிண்ட கருத்து "உலகத்தில ஆர் கேட்டாலும் குடு" எண்டதை அந்த நேரத்தில ஆரும் யோசிக்கிறதில்ல. அதோட சேத்து லிஸ்ட் பண்ணுற அனுமதியையும் குடுத்துவிட்டா நான் மேல சொன்ன கதைதான்.

403 எண்டு வாறது பிழை இல்ல, பூட்டு சரியா வேலை செய்யுது எண்டுதான் அது சொல்லுது.

இன்னொரு குழப்பம் சிஓஆர்எஸ், அதாவது ஒரு சைட்டிண்ட ஸ்கிரிப்ட் வேற டொமைன்ல இருக்கிறதை வாசிக்கலாமா எண்டு ப்ரவுசர் பாக்கிற விதி. சாதாரண இமேஜ் டாக்ல படம் காட்டுறதுக்கு அது தேவையே இல்ல. ஜாவாஸ்கிரிப்ட்டால பெட்ச் பண்ணி எடுக்கேக்கயும், கான்வஸ்ல போட்டு வெட்டித் திருப்பிச் சேவ் பண்ணேக்கயும்தான் தேவை. ஆனா பெட்ச்ல எடுக்கேக்க உண்மையில 403 வந்தாலும் கன்சோல்ல சிவப்பில சிஓஆர்எஸ் எண்டு காட்டுறது உண்டு, அதைப் பாத்திட்டு எல்லா டொமைனுக்கும் திறந்து, அதுவும் சரிவரேல்ல எண்டு பக்கெட்டையும் திறந்து, கடைசியில எது சரிவந்தது எண்டே தெரியாம எல்லாம் திறந்தபடி கிடக்கும். முதல்ல அந்த லிங்கைத் தனி டாப்ல திறந்து பாருங்கோ. அக்சஸ் டினைட் எண்டு வந்தா பிரச்சினை அனுமதியில, சிஓஆர்எஸ்ல கை வைக்கவே தேவையில்ல.

சரி, அப்ப எப்பிடிக் காட்டுறது? முதல்ல படங்களைப் பிரியுங்கோ. ரூம் படம், போட் படம், புறாத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போன படம், இதெல்லாம் ஊர் உலகம் பாக்கத்தான் போடுறம், அது பப்ளிக்கா ஒரு பக்கெட்ல, முன்னால ஒரு சிடிஎன் (படங்களிண்ட பிரதியைப் பல இடத்தில வச்சு கெதியாக் குடுக்கிற சேவை) வச்சு இருக்கட்டும். ஐசி, பாஸ்போட், ஸ்லிப், இதெல்லாம் வேற பக்கெட், அது ஒருக்காலும் திறக்கக்கூடாது. ஒரே பக்கெட்ல போல்டர் பிரிச்சு வைப்பம் எண்டும் செய்யலாம்தான், ஆனா பொலிசியில ஒரு எழுத்து மாறினா ரெண்டும் சேந்து திறபடும், அதால நான் தனித்தனிப் பக்கெட்டைத்தான் சொல்லுவன்.

ப்ரைவட் படத்தைக் காட்டுறதுக்கு சைன்ட் யூஆர்எல் எண்டு ஒண்டு இருக்கு. சேர்வர்ல இருக்கிற உங்கட கோட், கேக்கிற ஆள் லொகின் பண்ணியிருக்கிறாரா, அந்தப் புக்கிங் அவர்டதா எண்டு பாத்திட்டு, அஞ்சு நிமிசத்துக்கு மட்டும் வேலை செய்யிற லிங்க் ஒண்டைக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கும். ப்ரவுசர் அதை வச்சு நேர எஸ்3ல இருந்து படத்தை எடுக்கும், உங்கட சேர்வருக்குப் பாரம் இல்ல. லாரவெல் எண்ட பிஎச்பி ப்ரேம்வேர்க்ல இதுக்கு டெம்பரரி யூஆர்எல் எண்டு ஒரே வரியில இருக்கு. ஆனா அந்த லிங்க் ஆர்ட கையில இருந்தாலும் நேரம் முடியுமட்டும் திறக்கும், அதால குடுக்கிறதுக்கு முன்னம் செய்யிற செக்தான் முழுப் பாதுகாப்பும். லொகின் பண்ணினவரா எண்டு மட்டும் பாத்திட்டு விட்டா, அட்ரஸ்ல புக்கிங் நம்பர் 118ஐ 119 ஆக்கினவுடன பக்கத்து ரூம்காரர்ட பாஸ்போட் வரும்.

கையெழுத்துப் போட்ட அந்த லிங்கை டேட்டாபேஸ்ல சேவ் பண்ணவே கூடாது. எஸ்3ல அதுக்குக் கூடினது 7 நாள்தான் ஆயுள், சேர்வருக்கு ரோல் (தற்காலிக சாவியோட வாற அனுமதி) குடுத்து வச்சிருந்தா அந்தத் தற்காலிக சாவி முடியிற நேரமே லிங்கும் செத்திடும். பைலிண்ட கீயை (பக்கெட்டுக்குள்ள அதிண்ட பேர்) மட்டும் சேவ் பண்ணி, பக்கம் திறக்கிற ஒவ்வொரு தரமும் லிங்கைப் புதுசா உண்டாக்குங்கோ. இது தெரியாம லிங்கைச் சேவ் பண்ணி, ஒரு கிழமையால எல்லாப் படமும் உடைஞ்சு, கஸ்டமர் கோல் எடுத்து ஏச, திருப்பியும் போய் பக்கெட்டைத் திறந்து விடுறதுதான் நான் கூடக் காணுற கதை.

பைல் சேமிக்க கூகுளிண்ட ஃபயர்பேஸ் பாவிக்கிற பிள்ளையள் இதைக் கட்டாயம் கவனியுங்கோ. அதில டவுன்லோட் யூஆர்எல் எண்டு எடுக்கிற லிங்க்ல ஒரு டோக்கன் இருக்கும். அது தானா எக்ஸ்பயர் ஆகாது, நீங்களாப் போய் ரத்துச் செய்தாத்தான் உண்டு. அந்த லிங்க் இருக்கிற ஆளை, ஆர் வாசிக்கலாம் எண்டு நீங்க எழுதிற ரூல்ஸ் ஒண்டும் மறிக்காது. நீங்க எவ்வளவு வடிவா ரூல்ஸ் எழுதியிருந்தாலும் லிங்கை ஒருத்தர் வட்ஸ்அப் குரூப்பில போட்டா எல்லாருக்கும் திறக்கும். ரூல்ஸ்லயும் "லொகின் பண்ணியிருந்தாக் காணும்" எண்டு மட்டும் எழுதினா, இப்பதான் புது எக்கவுண்ட் திறந்த ஆளும் எல்லாத்தையும் பாக்கலாம். பைல் இருக்கிற பாதையில யூசர் ஐடியை வச்சு, அந்த ஐடியோட பொருந்தினாத்தான் வாசிக்கலாம் எண்டு எழுதுங்கோ.

பைல் பேரையும் யோசியுங்கோ. ஐசி முன்பக்கம் 1, 2, 3 எண்டு வரிசையா வச்சா லிஸ்ட் திறக்காமலே ஆரும் எண்ணிக்கொண்டு போகலாம். ரேண்டமா நீளப் பேர் வையுங்கோ, அது நல்லம், ஆனா அதை மட்டும் நம்பி பப்ளிக்கா விடுறது, வீடு எங்க இருக்கு எண்டு ஆருக்கும் தெரியாது தானே எண்டு கதவைப் பூட்டாமப் படுக்கிற மாதிரி.

ஏன் ஐசியைப் பற்றி இவ்வளவு கதைக்கிறன் எண்டா, பாஸ்வேர்ட் களவு போனா மாத்தலாம், ஐசி நம்பர் சாகுமட்டும் அதுதான். அந்த நம்பருக்குள்ளயே பிறந்த வருசமும், வருசத்தில எத்தினையாவது நாள் எண்டதும், ஆம்பிளையா பொம்பிளையா எண்டதும் கிடக்கு. பொம்பிளையளுக்கு நாளோட 500 கூட்டி வரும். படத்தில அதோட முகம், பேர், விலாசம். வேற ஒருத்தர்ட பேரில எக்கவுண்ட் திறக்க நினைக்கிறவனுக்கு இதைவிட வேற என்ன வேணும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவு பாதுகாப்புச் சட்டம் எண்டு எங்கட நாட்டில சட்டமே இருக்கு, அதில பொறுப்பு தரவை வாங்கி வச்சிருக்கிறவருக்கு. சைட் செய்த பிள்ளை வெளிநாடு போயிட்டார் எண்டு சொல்லித் தப்பேலாது.

படத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விசயமும் இருக்கு. போன்ல லொகேஷன் ஓன்ல வச்சு எடுத்த படத்தில எக்ஸிஃப் எண்ட பகுதிக்குள்ள ஜிபிஎஸ் இடம் அப்பிடியே எழுதியிருக்கும். ஒரு பிள்ளை வீட்டு முத்தத்தில நிண்டு எடுத்த படத்தை ப்ரொஃபைலுக்குப் போட்டா, அதை டவுன்லோட் பண்ணுற ஆருக்கும் வீடு எங்க எண்டு மப்பில காட்டும். வட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பேக்க இது கழண்டிடும், டொக்கியூமன்ட்டா அனுப்பினாக் கழராது, உங்கட சைட்ல நீங்க கழட்டாட்டிக் கழரவே கழராது. ஷார்ப் மாதிரிப் படம் திருத்துற லைப்ரரியால திருப்பி எழுதினா அது தானாப் போயிடும், ஆனா படம் எந்தப் பக்கம் நிமிரவேணும் எண்ட குறிப்பும் அதுக்குள்ளதான் இருக்கு, அதால முதல்ல ரொட்டேட் பண்ணிட்டு எழுதுங்கோ, இல்லாட்டி ஆக்கள் எல்லாம் சரிஞ்சு கிடப்பினம். இப்பிடித் திருப்பி எழுதேக்கயே சின்ன சைஸ் ஒண்டும் எடுத்து வையுங்கோ. நாலஞ்சு எம்பி படத்தைக் கட்டை விரல் அளவில காட்டுறது குச்சவெளியில டேட்டா கார்ட் போட்டுப் பாக்கிற ஆள்ட காசு.

எஸ்விஜி பைலை ஆக்கள்ட அப்லோட்ல ஏத்துக்கொள்ளவே வேண்டாம். அது படம் மாதிரித் தெரிஞ்சாலும் உள்ளுக்க ஜாவாஸ்கிரிப்ட் எழுதலாம், இமேஜ் டாக்ல ஓடாது, ஆனா லிங்கை நேர திறந்தா ஓடும். உங்கட டொமைன்ல இருந்து ஓடினா லொகின் பண்ணியிருக்கிற ஆள்ட பேரில அது வேலை பாக்கும். கூகுளும் கிட்ஹப்பும் ஆக்கள் போடுற பைலுக்கு வேற டொமைன் வச்சிருக்கிறதும் இந்த ஆபத்தாலதான். பைலிண்ட கடைசியில ஜேபெக் எண்டு இருந்தா நம்பாதீங்கோ, உள்ளுக்க இருக்கிற முதல் பைட்டுகளைப் பாருங்கோ.

கோட் தெரியாத ஹொட்டல்காரர் செய்யக்கூடியது ஒண்டு: உங்கட சைட்ல லொகின் பண்ணி ஒரு ஐசி படத்திண்ட லிங்கைக் கொப்பி எடுத்து வையுங்கோ. அடுத்த நாள் வேற போன்ல, லொகின் பண்ணாம, இன்கொக்னிட்டோவில ஒட்டிப் பாருங்கோ. படம் திறந்தா உடன சைட் செய்த ஆளுக்குக் கோல் எடுங்கோ.

ஏற்கனவே திறந்து கிடக்கு எண்டா முதல்ல பப்ளிக் அக்சஸை மறியுங்கோ, சைட்ல படம் உடையும், உடையட்டும், ஒரு நாள் படம் இல்லாட்டி புக்கிங் நிண்டு போகாது. பிறகு சைன்ட் யூஆர்எல்லுக்கு மாத்துங்கோ. முன்னால சிடிஎன் இருந்தா அதில சேமிச்சு வச்சிருக்கிற பிரதியையும் (கேஷ்) துடைக்கவேணும், இல்லாட்டி பக்கெட் பூட்டின பிறகும் அங்க இருந்து படம் போய்க்கொண்டே இருக்கும். அக்சஸ் லொக் (பைலை எடுத்ததிண்ட பதிவு) ஓன்ல இருந்திருந்தா ஆர் எதை எடுத்தினம் எண்டு பாக்கலாம். தங்கிப் போன ஆக்கள்ட ஐசி இனித் தேவையில்ல எண்டா அழியுங்கோ, அழிக்கேக்க வேர்ஷனிங் ஓன்ல இருக்கிறதா எண்டு பாருங்கோ, ஓன் எண்டா டிலீட் அமத்தினாலும் பழைய வேர்ஷன் உள்ளுக்கயேதான் கிடக்கும், அதையும் தனியாத் தேடி அழிக்கவேணும்.